எம்எல்பி டிவி சந்தா: வேகப்பந்து பழக்குகிறவர்கள் காசு கொடுத்துப் பார்க்கலாம்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்போல் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் எம்எல்பி டிவிக்குச் சந்தா எடுக்கலாமா என்று கேட்டால், நீங்கள் வேகப்பந்து வீசும் பெடியன்களைப் பழக்குகிறவர் என்றால் தயங்காமல் எடுங்கள், பேஸ்போல் விதிகள் அரைகுறையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. சும்மா பொழுதுபோக்குக்கு என்றால் யூடியூபில் வரும் சுருக்கக் காட்சிகளே போதும். கட்டணம் அமெரிக்க டொலரில் போகிறது, நம் ரூபாயில் அது சின்னத் தொகை இல்லை.

அமெரிக்க மேஜர் லீக்கில் 30 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். நேரடியாகவும் பார்க்கலாம், முடிந்தபிறகும் முழுசாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7.10க்குத் தொடங்கும் ஆட்டம் திருமலையில் விடியக்காலை 4.40, மேற்குக் கரை ஆட்டம் காலை 7.40. நித்திரையைக் கெடுக்க விருப்பமில்லாதவர்கள் ஸ்கோரை மறைத்து வைக்கும் வசதியைப் போட்டுவிட்டு பின்னேரம் ஆறுதலாகப் பார்க்கலாம். எந்த இன்னிங்ஸின் (இரண்டு அணியும் மூன்று பேர் ஆட்டமிழக்கும்வரை அடிக்கும் ஒரு சுற்று, வழக்கமாக ஆட்டத்துக்கு ஒன்பது) தொடக்கத்துக்கும் நேரே தாவலாம், இரண்டு அணிகளின் ஒளிபரப்பில் எது வேண்டுமோ அதை எடுக்கலாம். தமிழ் வர்ணனை கிடையாது. மழைக்காலத்தில் என் வீட்டு இணையம் படம் காட்டுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் கூட, ஆனால் அந்தக் குறையை இந்தச் சேவையின் கணக்கில் எழுத முடியாது.

எனக்கு இதில் கிடைத்த பெரிய பயன் வேறு. ஒரே ஒரு ஸ்டார்டிங் பிட்சரை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்துவீச்சாளரை, தெரிந்தெடுத்து சீசன் முழுக்க அவரை மட்டும் பின்தொடரலாம். பேஸ்போலில் ஓவர் மாறுவது கிடையாது, முதல் பந்திலிருந்து அவர் ஒருவர்தான் வீசிக்கொண்டு போவார், ஒருமுறை மாற்றிவிட்டால் அந்த ஆட்டத்துக்குத் திரும்பி வரவே முடியாது. வழக்கமாக ஓர் அணி இப்படி ஐந்து பேரைச் சுழற்சியில் வைத்திருக்கும். ஒருவர் வீசினால் அடுத்த நாலைந்து நாள் ஆட்டத்தில் பந்தைத் தொடமாட்டார். திரையின் மூலையில் அவர் வீசிய பந்துகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும், நூறை நெருங்கும்போது பயிற்சியாளர் எழும்பி நடக்கத் தொடங்குவார். எங்கள் திருமலை மெக்கெய்சர் மைதானத்துப் பக்கம் இப்படி ஓர் எண்ணிக்கையை யாராவது எழுதி வைத்து நான் கண்டதில்லை, அதனால்தான் அந்த மூலையில் என் கண் இவ்வளவு ஒட்டிக்கொண்டது.

முந்தி அங்கேயும் இப்படி இருக்கவில்லை. 1974 ஜூன் 14இல் நோலன் ரயன் பொஸ்டன் அணிக்கு எதிராக 13 இன்னிங்ஸ், ஏறத்தாழ 235 பந்துகள் வீசினார், அதற்குப் பிறகும் 1993 வரை விளையாடினார். 1975இல் கட்ஃபிஷ் ஹன்டர் தனி ஆளாக 30 ஆட்டங்களை முதலிலிருந்து கடைசிவரை வீசி முடித்தார். 2024இல் 30 அணிகளின் எல்லாப் பிட்சர்களையும் சேர்த்தே அப்படி முடிக்கப்பட்ட ஆட்டங்கள் 28தான்.

இந்த மாற்றத்துக்குக் காயப் பயம் மட்டும் காரணமில்லை. ஒரே பிட்சரை ஒரு துடுப்பாட்டக்காரர் மூன்றாவது முறை சந்திக்கும்போது அவருக்குப் பந்து பழகிவிடுகிறது, அடியும் கூடுகிறது, இதை அணிகள் புள்ளிவிபரத்தில் கண்டுபிடித்து அதன்படியே நடக்கின்றன. 2020 உலகத் தொடரின் (சீசன் முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். டம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் 9 பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கி (பந்தை அடிக்க விடாமலே ஆட்டமிழக்கச் செய்து), 1-0 என்று முன்னிலையில் நின்றபோது பயிற்சியாளர் கெவின் காஷ் அவரை வெளியே எடுத்தார். அடுத்து வந்தவர் வீச, டொட்ஜர்ஸ் அதே இன்னிங்ஸில் முந்திக்கொண்டு 3-1 என்று வென்று கிண்ணத்தையும் எடுத்தது. ஸ்னெல்லின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் அது பிழையான முடிவு என்றே சொல்வேன். புள்ளிவிபரம் சராசரியைத்தான் சொல்லும், அன்றைக்கு அந்தக் கையில் என்ன இருந்தது என்பதைப் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் பார்க்க வேண்டும். ஆனால் 2022 ஏப்ரலில் டொட்ஜர்ஸ் பிட்சர் கிளேட்டன் கெர்ஷோ 7 இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் 80 பந்துகளில் நின்றபோது பயிற்சியாளர் டேவ் ரொபர்ட்ஸ் அவரை நிறுத்தியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். சீசனின் தொடக்கம், குளிர், காயத்திலிருந்து வந்த கை, அங்கே அவசரப்பட என்ன இருக்கிறது?

சரி, இவ்வளவு எண்ணியும் காயம் குறைந்ததா? இல்லை. 2012இல் பிட்சர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பேர்க்கை வாஷிங்டன் அணி 159 இன்னிங்ஸோடு நிறுத்தி, சீசனுக்குப் பிறகு வரும் கிண்ணச் சுற்றான பிளேஓஃபுக்கும் விடாமல் காப்பாற்றி வைத்தது. 2019இல் உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார், உண்மைதான், ஆனால் அதன்பின் 245 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் அவரால் 8 ஆட்டங்களுக்கு மேல் வீச முடியவில்லை. மற்றப் பக்கத்தில் 2022இல் சாண்டி அல்கன்டரா 228 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார், அடுத்த வருடமே முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் போனார். கட்டிப்போட்டாலும் உடைகிறது, ஓடவிட்டாலும் உடைகிறது.

2024 டிசம்பரில் மேஜர் லீக்கே வெளியிட்ட காய அறிக்கை குற்றத்தை வேகத்தின் மேல் போட்டது. 2008இல் நேர்வேகப் பந்தின் சராசரி மணிக்கு 147 கிலோமீற்றர் அளவில் இருந்தது, 2024இல் அது 151ஐத் தாண்டிவிட்டது. பழைய ஆட்கள் வீசும்போது ஆபத்தான நேரத்துக்கென்று கொஞ்சம் பலத்தை மிச்சம் வைப்பார்கள். இப்போதோ ஆறாவது இன்னிங்ஸில் எப்படியும் எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்து, முதல் பந்திலிருந்தே ஒவ்வொன்றையும் முழுப் பலத்தோடு எறிகிறார்கள், முழங்கைத் தசைநார் அதைத் தாங்குவதில்லை. ஆக, எண்ணிக்கையைக் குறைத்ததே ஒவ்வொரு பந்தின் சுமையைக் கூட்டிவிட்டது. இதை வாசித்து விளங்கிக்கொள்வதைவிட ஒரே பிட்சரை ஆட்டம் ஆட்டமாகப் பார்க்கும்போது நன்றாக விளங்குகிறது, வேகம் எப்போது இறங்குகிறது, பந்தை விடும் இடம் எப்போது மாறுகிறது, களைப்பை எப்படி மறைக்கிறார் எல்லாமே கண்ணில் படும்.

இங்கே நம் பிள்ளைகளின் நிலைமை எனக்குப் பெரிய கவலை. சனிக்கிழமை பாடசாலைக்குக் கடினப்பந்து, ஞாயிறு ஊர்க் கழகத்துக்கு மென்பந்து, நடுவில் வலைப் பயிற்சி. ஒவ்வொரு இடத்திலும் நன்றாக வீசுகிற பெடியனிடம்தான் பந்து போகிறது, ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பும்ராவையே 2025 இங்கிலாந்துத் தொடரின் ஐந்து டெஸ்ட்களில் மூன்றில்தான் விளையாட விட்டார்கள், பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஏன் ஓய்வு இல்லை? பேஸ்போல் எண்களை அப்படியே கிரிக்கெட்டுக்குத் தூக்கி வைக்கச் சொல்லவில்லை, அங்கே போவது முழங்கை, இங்கே பெரும்பாலும் இடுப்பு முதுகெலும்பு. ஆனால் எண்ணி எழுதும் பழக்கத்தையும் வேகம் இறங்குவதைக் கவனிக்கும் கண்ணையும் எடுத்துக்கொள்ளலாம்.

பார்க்கத் தொடங்குகிறவர்கள் 2025 உலகத் தொடரில் டொட்ஜர்ஸ் பிட்சர் யோஷினோபு யமமோட்டோவை எடுங்கள். இரண்டாவது ஆட்டத்தை முழுசாக வீசி முடித்தார், ஆறாவதில் 96 பந்துகள், அடுத்த நாளே ஏழாவது ஆட்டத்தின் கடைசியில் வந்து இன்னும் 34. நவீன முறை சொல்லும் எல்லாவற்றுக்கும் எதிரானது அது, ஆனால் அவருடைய வீச்சு அலட்டிக்கொள்ளாத வீச்சு, அதை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதற்கே நான் சந்தாவைப் புதுப்பிப்பேன்.

காசு கட்டுவதற்கு முன், லீக்கின் செயலியில் இலவசமாக இருக்கும் கேம்டே பகுதியில் பந்துக்குப் பந்து வேகம் வரும், அதை ஒரு கிழமை பாருங்கள். மேஜர் லீக் 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் என்ற, இளம் பிட்சர்களுக்கான பந்து எண்ணிக்கை அட்டவணையும் இலவசம்தான்: 15, 16 வயதுக்காரருக்கு ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் கூடாது, 76ஐத் தொட்டால் நாலு நாள் ஓய்வு.