‘நூறு சதவீதம் அசல் செட்டிநாடு’ போர்டும் ஒரு வெள்ளைப் பணியாரமும்

கடைப் பெயர் வேண்டாம். இப்படிப் போர்டு வைத்த கடை சென்னையில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது, அதில் இதுவும் ஒன்று. உள்ளே போனதும் தேக்கு மாதிரி பெயின்ட் அடித்த கான்கிரீட் தூண், தரையில் ஆத்தங்குடி டிசைன் அச்சடித்த டைல்ஸ். நிஜ ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் கலரும் சிமென்ட்டும் ஊற்றிக் கையால் வார்ப்பார்கள், சூளையில் சுடுவதே கிடையாது, ஆள் நடமாட நடமாடத்தான் மெருகேறும். இதுவோ திறந்த மாதமே கண்ணைக் கூசுகிறது. சரி, தரையையா சாப்பிடப் போகிறோம் என்று உட்கார்ந்தேன்.

சிக்கன் செட்டிநாடு வந்தது. கலர்ப்பொடிச் சிவப்பு, மேலே மிதக்கிற எண்ணெய், வாயில் வைத்தால் வெறும் காரம். செட்டிநாடு என்றாலே காரம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! என் ஆயா வீடு தேவகோட்டை. அங்கே கோழிக் குழம்பில் சோம்பும் மிளகும், கல்பாசி என்கிற மசாலாப் பொருளும் சேர்ந்த வாசனைதான் முதலில் வரும், காரம் பின்னால் மெதுவாக வரும். “கல்பாசி போடுவீங்களா தம்பி?” என்று கேட்டேன். “எல்லா மசாலாவும் இருக்கு சார்.” அத்தோடு விட்டுவிட்டேன்.

கை கழுவப் போனபோதுதான் மூலையில் ஒருவர் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மெனு கார்டில் கடைசிப் பக்கம், கடைசி வரி. இதற்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே படியின் மேல் உளுந்தை நிற்கிற மட்டும் கோபுரமாகக் குவித்து, சேர்த்து ஊறவைத்து வெண்ணெய் மாதிரி ஆட்ட வேண்டும், மாவு புளிக்கவே கூடாது, எண்ணெயில் ஒவ்வொன்றாகத்தான் ஊற்றி எடுக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் சிவந்துவிடும், அப்புறம் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. இவர் ஊற்றியது நடுவில் உப்பி, ஓரம் மெல்லிசாகச் சுருண்டு, வெள்ளையாகவே மேலே வந்தது. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். நாலு சாப்பிட்டேன்.

பணியாரம் ஊற்றியவருக்கு எந்த ஊர் என்றால் ஒடிசாவாம். காரைக்குடியில் கல்யாணச் சமையல் குழுவில் நாலு வருஷம் இருந்தாராம். கூட வந்த நண்பர், “ஒடிசாக்காரர் சுட்டா எப்படிய்யா அசல்?” என்று சிரித்தார். செட்டிநாட்டு விருந்தில் இனிப்பாகச் செய்து வைக்கிற கறுப்புக் கவுனி அரிசி மட்டும் எங்கிருந்து வந்தது, காரைக்குடியில் விளைந்ததா? பர்மாவில் வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் கொண்டுவந்தது, அவர்கள் வீடுகளின் தேக்குத் தூணும் அங்கிருந்து வந்ததுதான். வந்த பொருளை அவர்கள் தங்கள் வீட்டுப் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். இவரும் அந்தப் பதத்தைப் பிடித்திருக்கிறார், சிக்கன் போட்டவர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். (கவுனி அரிசியும் வாங்கினேன். சரியாக ஊறாமல் நறநறவென்று இருந்தது.)

இரண்டு பேருக்கு 780 ரூபாய். சிக்கனுக்கு ஒரு ஸ்டார், பணியாரத்துக்கு ஐந்து. கடையைக் கண்டுபிடித்துப் போகிறவர்கள் சாயங்காலம் 5 மணிக்கு மேல் போங்கள், மதியம் பணியாரக்காரர் இருக்க மாட்டார்.