குமிழி விடும் துணையும் விடாத துணையும்

மட்டக்களப்புக்கு வெளியே கடலில் 53 மீட்டர் ஆழத்தில் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. இப்படிப்பட்ட ஆழங்களுக்கு டைவ் அடிப்பவர்களின் படகுகளில் இருவகைச் சுவாசக் கருவிகளும் ஏறுகின்றன. ஒருவர் வழக்கமான இரட்டை சிலிண்டரோடு வருவார். அது ஓப்பன் சர்க்யூட். விடும் மூச்சு குமிழியாக வெளியே போய்விடும். அடுத்தவர் ரீபிரீதரோடு வருவார். விட்ட மூச்சு ஒரு சுற்றுக்குள்ளேயே ஓடும். அதிலுள்ள கரியமில வாயுவை ஒரு டப்பா நிறைய இருக்கும் சுண்ணாம்புக் குருணை உறிஞ்சிக்கொள்ளும். குறைந்த ஆக்சிஜனைக் கருவி சேர்க்கும்.

சரி, இவர்களில் யாரை யாரோடு ஜோடி சேர்ப்பது?

இருவரும் ஓப்பன் சர்க்யூட் என்றால் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். மூச்சு விட்டால் குமிழி வரும், வராவிட்டால் ஏதோ தப்பு. காற்று தீர்ந்தவருக்கு வாயிலிருக்கும் ரெகுலேட்டரையே, அதாவது மூச்சு வாங்கும் வாய்க்கருவியையே, எடுத்துக் கொடுக்கலாம். இரண்டு மீட்டர் நீளக் குழாய் அதற்காகத்தான். கழுத்தில் தொங்கும் மற்றொன்றைத் தான் கடித்துக்கொள்ளலாம். இதன் குறை, வாயு தின்னும் வேகம். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர் 53 மீட்டரில் ஏறக்குறைய 126 லிட்டர் வாங்குவார். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 11 லிட்டர் சிலிண்டர் 17 நிமிடத்தில் காலி, அதுவும் மேலே வர ஒரு மூச்சுகூட மிச்சம் வைக்காமல்.

இருவரும் ரீபிரீதர் என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். உடல் எரிக்கும் ஆக்சிஜன் எந்த ஆழத்திலும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுதான். மூன்று லிட்டர் குட்டி சிலிண்டரே பல மணி நேரத்துக்குப் போதும். ஹீலியம் விற்கிற விலையில் இது பெரிய விஷயம். ஏனென்றால் அந்த ஆழத்தில் வெறும் காற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8 கிராம் வரை போகும், 6.2 கிராமைத் தாண்டக்கூடாது என்பதுதான் பரிந்துரை. அடர்ந்த காற்றில் கரியமில வாயு உடம்பிலேயே தங்கிவிடும், மண்டையும் மந்தமாகிவிடும். ஆகவே லேசான ஹீலியத்தைக் கலக்காமல் அங்கே இறங்காதீர்கள், எந்தக் கருவியானாலும். ரீபிரீதர் ஜோடியில் ஒருவர் கருவியை மற்றவர் கைகள் அறியும். அவர் மணிக்கட்டிலுள்ள ஹேண்ட்செட்டில் ஓடும் எண்கள் என்ன சொல்கின்றன என்றும் தெரியும்.

கலப்பு ஜோடியில்தான் சிக்கல், அதுவும் ஒருபக்கச் சிக்கல். ரீபிரீதர்க்காரர் ஓப்பன் சர்க்யூட்டில் தொடங்கி வந்தவர். துணையின் கருவி முழுக்க அவருக்குத் தெரியும். மறுபக்கம் அப்படியில்லை. ரீபிரீதரில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சுத் திணறாது, வலிக்காது. அமைதியாக மயக்கம் வரும். குமிழி வராதது அங்கே இயல்பு என்பதால், பக்கத்திலேயே நீந்தும் துணைக்குச் சந்தேகமே எழாது. நல்ல துணை அதனால் குமிழியைத் தேடமாட்டார், கண்ணைத்தான் பார்ப்பார். ஓ.கே. சைகை காட்டினால் பதில் சைகை வரவேண்டும், உடனே.

அடுத்தது, யார் யாருக்குக் காற்று கொடுப்பது. ரீபிரீதர்க்காரரால் வாயிலிருப்பதைப் பிடுங்கிக் கொடுக்க முடியாது. மூடாமல் எடுத்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, மிதப்பு போய், கருவி கனத்துவிடும். அவர் கொடுக்கக்கூடியது விலாவில் மாட்டியிருக்கும் பெய்ல்-அவுட் சிலிண்டரை, அதாவது ரீபிரீதர் பழுதானால் சுவாசிக்க வைத்திருக்கும் மாற்று சிலிண்டரை. இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஹெர்மிஸுக்கு இறங்குபவரிடம் பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் இருக்கும்: ஒன்று ஆழத்துக்கான ஹீலியக் கலவை, மற்றொன்று மேலே வரும்போது 21 மீட்டரிலிருந்து சுவாசிக்க வேண்டிய 50 சதவீத ஆக்சிஜன். இரண்டின் ரெகுலேட்டரும் பார்க்க ஒன்றுபோலத்தான். காற்று தீர்ந்த பதற்றத்தில் 50 மீட்டரில் இரண்டாவதைக் கடித்தால் ஆக்சிஜன் அழுத்தம் 3 பார். 1.6-தான் உச்ச வரம்பு. வலிப்பு வந்து ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் அங்கேயே மூழ்கவேண்டியதுதான். அதனால் துணை தானாக எடுக்கக்கூடாது, வைத்திருப்பவர்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். அதைச் சுவாசிக்கக்கூடிய உச்ச ஆழத்தின் எண்ணைச் சிலிண்டரில் கைப்பிடி அளவுக்குப் பெரிதாக ஒட்டவேண்டும். கொடுத்தபின் ரீபிரீதர்க்காரருக்கு மாற்று வழி இல்லை. டைவ் அந்த நொடியே முடிந்தது.

எதிர்த்திசையில், “என் பெய்ல்-அவுட் என் துணைதான்” என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஓப்பன் சர்க்யூட் துணையிடம் மிச்சமிருப்பது அவர் மேலே வருவதற்கானது. கரியமில வாயு ஏறித் திணறுபவர் சாதாரண மூச்சைப்போல் இரண்டு மூன்று மடங்கு வாங்குவார். இரண்டு பேரும் அந்தக் கணக்கில் பிழைக்க முடியாது. தன்னைத் தனியாக மேலே கொண்டுவரும் அளவு வாயு ரீபிரீதர்க்காரர் சுமக்கவேண்டும்.

மேலே வருவதிலும் இருவர் பாதையும் ஒன்றல்ல. உடலில் கரைந்த வாயு கழிய, வழியில் நின்று நின்றுதான் ஏறவேண்டும். அடியில் இருவரும் சுவாசிக்கும் ஆக்சிஜன் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்கலாம். 6 மீட்டருக்கு வரும்போது 21 சதவீத ஆக்சிஜன் கலவையிலேயே இருப்பவருக்கு அது 0.34 பார், ரீபிரீதரோ 1.3-ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ரீபிரீதர்க்காரர் உடலிலிருந்து நைட்ரஜனும் ஹீலியமும் வேகமாகக் கழியும், நிறுத்த நேரத்தைக் கணக்கிடும் அவருடைய டைவ் கம்ப்யூட்டர் முதலில் அனுமதி கொடுத்துவிடும். அதைப் பார்த்து அவர் ஏறிவிடக்கூடாது. யாருடைய கம்ப்யூட்டர் அதிக நேரம் கேட்கிறதோ அதுவே இருவருக்கும் நேரம். ஓப்பன் சர்க்யூட்காரரும் நிறுத்தங்களுக்குத் தனி நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடிய கலவை, கொண்டுவந்தால் இடைவெளி வெகுவாகக் குறையும்.

என் தேர்வைக் கேட்டால், ஹெர்மிஸ் ஆழத்துக்கு ஒரே வகை ஜோடி. வேறு வழியில்லையென்றால் மூவர்: ரீபிரீதர் இருவர், ஓப்பன் சர்க்யூட் ஒருவர். குறைந்தது ஒருவருக்காவது அடுத்தவர் ரீபிரீதர் புரியும். இருவர் மட்டும் என்றால் படகிலேயே பத்து நிமிடம் கேட்பேன். ஓப்பன் சர்க்யூட் துணை கண்ணை மூடிக்கொண்டு என் வாய்க்குழாயின் நெம்பைத் தடவி மூடவேண்டும், பெய்ல்-அவுட் ரெகுலேட்டரை எடுத்து என் வாயில் வைக்கவேண்டும், ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் பொத்தானைத் தொட்டுக்காட்டவேண்டும். முகத்துக்கு முன்னால் மினுக்கும் விளக்கு சிவந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டும். அப்புறம் 5 மீட்டரில், கையுறையோடு, இதையெல்லாம் இன்னொரு முறை. அதில் ஒன்று தடுமாறினாலும் அன்றைக்கு நான் கீழே போகமாட்டேன்.