ஆர்கைவ்: கட்டுரைக்கு முன் அதன் முகப்பைப் படியுங்கள்

ஈர்ப்பு குவாண்டம் இயல்புடையதே அல்ல, இருண்ட ஆற்றல் மெலிந்துகொண்டு வருகிறது, பிரக்ஞையும் பருப்பொருளின் ஒரு நிலைதான் என்றெல்லாம் செய்தி வரும். அதன் வால் பிடித்துப் போனால் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் ஆர்கைவ். 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய முன்பதிப்புச் சேவை இது; அதாவது, ஆய்விதழில் வரும் முன்பே ஆய்வாளர்கள் கட்டுரையைப் போட்டுவைக்கும் இடம். 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2022 தொடக்கத்தில் 20 லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இப்போது மாதத்துக்கு 20,000-க்கு மேல் வந்து சேர்கின்றன. இந்தியாவுக்கான அதன் பிரதித் தளம் ஒரு காலத்தில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கக் காசு வேண்டாம், கணக்கு வேண்டாம், விளம்பரமும் கிடையாது.

முதலிலேயே தீர்ப்பு: இயற்பியலுக்கும் அண்டவியலுக்கும் இதற்கு ஈடு இல்லை. பிரக்ஞை ஆய்வுக்குப் பாதிதான் தேறும். உயிர் அமைப்புகளுக்கு அதைவிடக் குறைவு. எந்தத் துறையானாலும், முகப்புப் பக்கத்தை (கட்டுரையின் சுருக்கவுரையும் பதிப்பு விவரங்களும் இருக்கும் பக்கம்) படிக்கத் தெரியாமல் நேராகப் பிடிஎஃப்பைத் திறப்பவர் ஏமாறுவார்.

காரணம் எளிது. இங்கே சக ஆய்வாளர் மதிப்பீடு நடப்பதில்லை. தன்னார்வ நெறியாளர்கள் பார்ப்பது, இது அறிவியல் கட்டுரை போல இருக்கிறதா, சரியான பிரிவில் போட்டிருக்கிறார்களா என்பதைத்தான். சரியா தவறா என்று அல்ல. 2004 முதல் ஒரு பிரிவில் புதிதாகப் போடுபவருக்கு, அங்கே ஏற்கெனவே எழுதி வருபவரின் ஒப்புதல் தேவைப்படலாம் என்று ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அது குப்பையைக் குறைக்கும், பிழையைக் குறைக்காது. பெரிய நிறுவனங்களின் பெரிய பிழைகள் இந்தத் தடுப்பைச் சிரமமில்லாமல் தாண்டி வந்திருக்கின்றன.

அதற்கு 1109.4897 என்ற எண்ணுள்ள கட்டுரையைத் திறந்து பார்த்தாலே போதும் (ஆர்கைவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் இப்படி ஒரு எண் உண்டு). ஓபரா குழுவின் நியூட்ரினோ வேக அளவீடு. ஜெனீவா அருகே செர்ன் துகள் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகம் வரை சுமார் 730 கிலோமீட்டர். 2011 செப்டம்பரில் வந்த முதல் பதிப்பில், நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60.7 நானோ விநாடி முந்தி வந்ததாகச் சுருக்கவுரை சொல்கிறது. உலகமே பரபரத்த எண் அது. பிறகு ஒளியிழை கேபிள் ஒன்று சரியாகப் பொருந்தாமல் இருந்ததும், கடிகாரத்தின் அலைவியில் ஒரு சிக்கல் இருந்ததும் தெரிய வந்தன. அதே முகவரியில், அதே தலைப்பின் கீழ், 2012 ஜூலையில் நான்காம் பதிப்பு ஏறியது. இப்போது வித்தியாசம் 6.5 நானோ விநாடி. பிழை வரம்பு அதைவிடப் பெரியது. அதாவது ஒளியின் வேகமேதான்.

இதைப் பார்க்கும் வழி: சுருக்கவுரைக்குக் கீழே ‘சப்மிஷன் ஹிஸ்டரி’ என்று ஒரு பகுதி வரும். ஒவ்வொரு பதிப்பும் தேதி, நேரம், கோப்பின் அளவு ஆகியவற்றோடு அங்கே நிற்கும். பதிப்பு எண்ணைத் தொட்டால் அந்தப் பழைய வடிவம் அப்படியே திறக்கும். எதையும் அழிக்க மாட்டார்கள் என்பதுதான் இந்தச் சேவையின் ஆகப் பெரிய பலம். கட்டுரையைத் திரும்பப் பெற்றாலும் பக்கம் போகாது; பிடிஎஃப் மறைந்து, ‘கமெண்ட்ஸ்’ வரியில் காரணம் வரும், முந்தைய பதிப்பு படிக்கக் கிடைக்கும். வேறொரு கட்டுரையில் மேற்கோள் கொடுக்கும்போது பதிப்பு எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெறும் முகவரி எப்போதும் கடைசிப் பதிப்புக்கே போகும் என்பதால், முதல் பதிப்பைத் திட்டி எழுதியவர்கள் திருத்திய கட்டுரையைத் திட்டியது போல ஆகிவிடும்.

ஆனால் எல்லாத் திருத்தமும் இப்படி ஒரே பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2014 மார்ச்சில் பைசெப்2 தொலைநோக்கிக் குழு, அண்டப் பெருக்கத்தின் (அண்டம் தோன்றியதும் கண நேரத்தில் அசுர வேகத்தில் விரிந்தது என்ற கருத்து) ஈர்ப்பலைத் தடம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தது (1403.3985). மைய எண், அந்த ஈர்ப்பலைகளின் வலிமையைக் காட்டும் டென்சர்-ஸ்கேலர் விகிதம் 0.20. பிந்தைய பதிப்பின் சுருக்கவுரையில் நம் பால்வெளியின் தூசு இந்த மதிப்பைக் கீழே இறக்கும் என்று சேர்த்தார்கள். எவ்வளவு இறக்கும் என்று சொல்லவில்லை. அந்த விடை வேறொரு கட்டுரையில் இருக்கிறது: பிளாங்க் விண்கலக் குழுவோடு சேர்ந்து 2015 பிப்ரவரியில் வெளியிட்ட 1502.00612. அதில் கண்டுபிடிப்பு என்ற பேச்சே இல்லை, 0.12-க்குக் கீழே என்ற மேல்வரம்பு மட்டுந்தான். முதல் கட்டுரையின் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கதை முழுசாகத் தெரிய வழியில்லை. எனவே வலப்பக்கப் பட்டையில் ‘இன்ஸ்பயர்’, ‘நாசா ஏடிஎஸ்’ என்று இருக்கும் இணைப்புகளைத் தட்ட வேண்டும்; இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளங்கள். அங்கே போய், இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலில் முதல் ஓராண்டுக்குள் வந்தவற்றின் தலைப்பை ஒரு ஓட்டு ஓட்டினால் போதும். மறுப்பு இருந்தால் கண்ணில் படும். ஆர்கைவ் இதைத் தன் பக்கத்திலேயே எடுப்பாகக் காட்டலாம். காட்டாதது குறைதான்.

அடுத்த பொறி, ஒரு கட்டுரையை நிரந்தரமாக அடையாளம் காட்டும் டிஓஐ எண். 2022 முதல் ஆர்கைவே தன் கட்டுரைகளுக்கு டிஓஐ வழங்குகிறது, அது 10.48550 என்று தொடங்கும். டிஓஐ இருக்கிறது, ஆகவே ஆய்விதழில் வெளியான கட்டுரை என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஆய்விதழின் எண் ‘ரிலேட்டட் டிஓஐ’ என்ற தனி வரியில் வரும். கூடவே ‘ஜர்னல் ரெஃபரன்ஸ்’ வரியும் இருந்தால் நல்லது. இவ்விரண்டையும் நிரப்புவது பெரும்பாலும் ஆசிரியர்தான் என்பதால், வெளியான பிறகும் சிலர் நிரப்பாமல் விட்டிருப்பார்கள். ‘கமெண்ட்ஸ்’ வரியில் இன்ன இதழுக்கு அனுப்பப்பட்டது என்று இருந்தால் அதற்கு மதிப்பு பூஜ்யம். யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றிருந்தால்தான் பேச்சு.

அதற்காக, இதழில் வராதது எல்லாம் பதர் என்றும் ஒதுக்க முடியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஜொனாதன் ஓப்பன்ஹைம் எழுதிய 1811.03116-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பே ஒரு கேள்விக்குறியோடு முடிகிறது. கருத்து இதுதான்: பருப்பொருள் குவாண்டமாகவே இருக்கட்டும், கால-வெளி குவாண்டம் ஆகாமல் செவ்வியலாகவே இருக்கட்டும், இரண்டும் முரண்படாமல் பிணைய வேண்டுமானால் கால-வெளியில் அடிப்படையிலேயே ஒரு தற்செயல் நடுக்கம் இருந்தாக வேண்டும். 2018 நவம்பரில் ஏறிய இது, ‘பிசிக்கல் ரிவ்யூ எக்ஸ்’ இதழில் வந்தது 2023 டிசம்பரில். ஐந்து ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் அதைச் சோதிக்கும் வழியைச் சொல்லும் துணைக் கட்டுரை (2203.01982) வந்துவிட்டது: ஒரு எடையைத் துல்லியமாக அளந்துகொண்டே இருந்தால், அளவில் ஏற்ற இறக்கம் குறிப்பிட்ட மட்டத்துக்கும் கீழே போகாமல் நிற்க வேண்டும், போய்விட்டால் கோட்பாடு காலி. ஒரு விசித்திரக் கருத்தை மதிப்பிட நல்ல அளவுகோல் இதுவே. தோற்கும் வழியைத் தானே எழுதி வைத்திருக்கிறதா? ஆர்கைவில் புரட்சிகரம் என்று வரும் பலவற்றிலும் இந்தப் பத்தியைத் தேடினால் கிடைக்காது.

அண்டவியலில் சுருக்கவுரையைக் கடைசி வரி வரை படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் டெசி குழுவின் 2024 ஏப்ரல் கட்டுரை (2404.03002) இருண்ட ஆற்றல் மாறுகிறது என்பதற்கான சாய்வை 2.5, 3.5, 3.9 சிக்மா என்று மூன்று எண்களாகத் தருகிறது. சிக்மா கூடக் கூட, அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். 2025 மார்ச்சின் இரண்டாம் தொகுதி முடிவில் (2503.14738) இது 2.8 முதல் 4.2 வரை. செய்தியில் மேல் எண் மட்டும்தான் வரும். கண்டுபிடிப்பு என்று சொல்ல இத்துறையில் வழக்கமாகக் கேட்பது 5.

பிரிவுகளையும் அவற்றின் குறியீடுகளையும் பற்றி. ஈர்ப்புக்கு ஜிஆர்-க்யூசி, அண்டவியலுக்கு ஆஸ்ட்ரோ-பிஎச்.சிஓ, மூளைக்கும் பிரக்ஞைக்கும் க்யூ-பயோ.என்சி, உயிர் இயற்பியலுக்கு பிசிக்ஸ்.பயோ-பிஎச், சுய ஒழுங்கமைப்புக்கு என்லின்.ஏஓ. முதன்மைப் பிரிவு தடித்த எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் போகாதீர்கள். சார்பியல் தவறு என்று நிறுவும் கட்டுரை ஜிஆர்-க்யூசியில் இல்லாமல் பொது இயற்பியல் பிரிவான பிசிக்ஸ்.ஜென்-பிஎச்சில் கிடந்தால், நெறியாளர்கள் நகர்த்தியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பிரிவில் நல்லதே இல்லை என்று இல்லை, தேடுவதற்குப் பொறுமை வேண்டும். ஏப்ரல் 1-ஐ ஒட்டி வரும் வானியல் கட்டுரைகளில் வேடிக்கைக்காக எழுதியவை கலந்திருக்கும்; அவற்றை நிஜம் என்று நம்பிப் பகிர்வது ஆண்டுதோறும் நடக்கிறது.

பிரக்ஞை விஷயத்தில் கட்டுரைகள் சிதறிக் கிடக்கின்றன. பிரக்ஞை பருப்பொருளின் ஒரு நிலை என்னும் மேக்ஸ் டெக்மார்க்கின் கட்டுரை (1401.1219) குவாண்டம் இயற்பியல் பிரிவில் இருக்கிறது. ஓர் அமைப்பு தகவலை எவ்வளவு ஒருங்கிணைக்கிறது என்பதை வைத்துப் பிரக்ஞையை விளக்கும் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டின் நான்காம் வடிவம் (2212.14787) க்யூ-பயோ.என்சியில். ஆனால் அந்தக் கோட்பாடு போலி அறிவியல் என்று 124 பேர் 2023 செப்டம்பரில் கையெழுத்திட்ட கடிதம் உளவியலுக்கான முன்பதிப்புத் தளமான சைஆர்கைவில் வந்தது. அதையும் அதன் எதிர்க் கோட்பாட்டையும் நேருக்கு நேர் நிறுத்திய கோஜிடேட் பரிசோதனை 2023-இல் உயிரியலுக்கான முன்பதிப்புத் தளமான பயோஆர்கைவில் வந்து, 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கோட்பாடு ஒரு தளத்தில், பரிசோதனை வேறு தளத்தில். ஆர்கைவை மட்டும் படிப்பவருக்குப் பிரக்ஞை ஆய்வு என்றாலே சமன்பாடுகள்தான் என்ற எண்ணம் வரும். மின்முனை பொருத்திய நோயாளிகளும் எஃப்எம்ஆர்ஐ மூளைப்படத் தரவும் கண்ணில் படாது.

உயிர் அமைப்புகளிலும் அதே நிலை. ஜெரெமி இங்லண்டின் தன்னைப் படியெடுக்கும் அமைப்புகளின் வெப்ப இயக்கவியல் (1209.1179), ஒரு பொருளைக் கட்ட எத்தனை படிகள் தேவை என்பதை வைத்து உயிரின் தடத்தைத் தேடும், லீ குரோனினும் சாரா வாக்கரும் முன்வைக்கும் அசெம்ப்ளி கோட்பாடு (2206.02279) என்று கோட்பாட்டுப் பக்கம் வளமாகவே இருக்கிறது. இரண்டாவதற்கு மறுப்பும் 2022-லேயே இங்கேயே ஏறியது. ‘நேச்சர்’ அசெம்ப்ளி கட்டுரையை வெளியிட்டது 2023 அக்டோபரில்தான். செல், திசு என்று ஆய்வகத்தில் கை நனைத்த வேலைக்கு பயோஆர்கைவே கதி.

இனி அன்றாடப் பயன்பாடு. புதிய பட்டியல் அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 8 மணிக்கு, ஞாயிறு முதல் வியாழன் வரை வரும். நமக்கு அது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5:30, அங்கே குளிர்கால நேரம் நடக்கும்போது 6:30. வெள்ளி மதியம் முதல் திங்கள் மதியம் வரை சேர்ந்தவை மொத்தமாக நமக்குச் செவ்வாய்க் காலையில் வருவதால் அன்று பட்டியல் நீளும். ‘நியூ’ பக்கம் மூன்று பகுதி: புதியவை, வேறு பிரிவிலிருந்து குறுக்கே பட்டியலானவை, மாற்றுப் பதிப்புகள். மூன்றாவதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்; விஷயம் தெரிந்தவர்கள் அங்கே ஒரு கண் வைப்பார்கள். விமர்சனத்துக்குப் பிறகு எது மாறியது, எது வாபஸ் ஆனது என்று தெரிவது அங்கேதான். புதியவற்றைத் தானாகக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஓடையின் முகவரியில் இரண்டு பிரிவுகளைக் கூட்டல் குறியால் இணைத்து ஒரே ஓடையாகவும் வாங்கலாம்.

தேடல் சுமார் ரகம். தலைப்பு, சுருக்கவுரை, ஆசிரியர் போன்றவற்றில்தான் தேடும், கட்டுரையின் உள்ளே தேடாது. மேம்பட்ட தேடலில் க்யூ-பயோ முழுவதையும் தேர்ந்தெடுக்கலாம், என்சியை மட்டும் தனியாகப் பிரிக்க முடியாது. பிரக்ஞை என்று பொதுவாகத் தேடினால் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கட்டுரைகள் வந்து அமுக்கிவிடும். நிரல் எழுதத் தெரிந்தால் ஏபிஐ (நிரல்கள் நேராகத் தரவு கேட்கும் வாசல்) வழியே உட்பிரிவு வாரியாகக் கேட்கலாம். இரண்டு கோரிக்கைக்கு நடுவே 3 விநாடி விட வேண்டும். விடாமல் அடித்தால் தடுத்துவிடுவார்கள்.

மொபைலில் இரண்டு நெடுவரிசையாக அமைந்த பிடிஎஃப்பைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. 2023 டிசம்பர் முதல், டெக்ஸ் (சமன்பாடுகளோடு கட்டுரை அமைக்கும் மென்பொருள்) மூலத்தில் வந்த கட்டுரைகளுக்கு எச்டிஎம்எல் என்ற இணையப் பக்க வடிவமும் கிடைக்கிறது. எழுத்து திரைக்கேற்ப மடங்கும், சமன்பாடும் ஒழுங்காக வரும். ஆசிரியர் அரிதான டெக்ஸ் தொகுப்பு எதையாவது பயன்படுத்தியிருந்தால் எச்டிஎம்எல்லாக மாற்றும் மென்பொருள் தடுமாறும்: அட்டவணை கலையும், கட்டளைகள் அப்படியே உரையில் தெரியும். சமன்பாட்டில் ஒரு குறி விட்டுப்போனது போலத் தோன்றினால் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுவிட்டுப் பேசுங்கள்.

தமிழில் அறிவியல் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது உரிமம். இலவசமாகப் படிக்கலாம் என்பதால் படத்தை எடுத்துப் போடலாம் என்று அர்த்தமில்லை. பல கட்டுரைகளும், ஆர்கைவ் விநியோகிக்க மட்டும் அனுமதிக்கும் உரிமத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் படத்துக்கு ஆசிரியரிடம், இதழில் வெளியாகியிருந்தால் இதழிடமும், அனுமதி கேட்க வேண்டும். பிடிஎஃப் இணைப்புக்குக் கீழே உள்ள உரிமச் சின்னத்தைத் தட்டிப் பார்த்து, சிசி பை (பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமம்) என்று இருந்தால் பெயர் குறிப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம், அச்சுகளின் பெயரைத் தமிழில் மாற்றி வரையவும் செய்யலாம்.