மாத்திரை ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமா, இல்ல ரெண்டும் ஒரே ஸ்கிரீன்லயா?

ட்ராமாவுக்கு, அதாவது பழைய அதிர்ச்சி மனசுல விட்டுட்டுப் போன காயத்துக்கு, ஆன்லைன்லயே சிகிச்சை எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணினவங்க அடுத்து வந்து முட்டிக்கிற இடம் இதுதான். மருந்து எழுத ஒரு சைக்கியாட்ரிஸ்ட், மனசு விட்டு பேச வேற ஒரு தெரபிஸ்ட்னு தனித்தனியா பிடிக்கறதா, இல்ல ரெண்டையும் சேர்த்து தர்ற ஒரே சர்வீஸ்ல போய் உக்காந்துடறதா. நான் ரெண்டுலயும் இருந்து பாத்திருக்கேன், முதல்ல ஒன்றரை வருஷம் தனித்தனியா, அப்புறம் ஒரே டீம்கிட்ட, அதனால நடுநிலைன்னுலாம் சொல்லிக்க மாட்டேன், என் சாய்வு எந்தப் பக்கம்னு படிக்கும்போதே தெரிஞ்சிடும்.

தனித்தனியா போறதுல பெரிய சிக்கலே முதல் ரெண்டு மாசம்தான். ட்ராமாவுக்கு மருந்துன்னா பொதுவா ஆரம்பிக்கிறது எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை, மனச்சோர்வுக்கும் இதைத்தான் கொடுப்பாங்க. அதுல செர்ட்ராலின், பராக்ஸெட்டின் ரெண்டுக்கும் பிடிஎஸ்டிக்குன்னே, அதாவது ட்ராமாவுக்கு அப்புறம் விடாம தொடர்ற மனநோய்க்குன்னே, அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி இருக்கு. இதுங்க ஒழுங்கா வேலை செய்ய 4லேர்ந்து 6 வாரம் ஆகும், ஆனா சைடு எஃபெக்ட் அதுவரைக்கும் காத்திருக்காது, முதல் வாரமே வந்து நிக்கும், குமட்டல், தூக்கம் கெடறது, ஒரு இடத்துல உக்கார விடாத ஒரு பரபரப்பு. அதே வாரங்கள்ல தெரபிஸ்ட் பழைய விஷயத்தை மெதுவா தொட ஆரம்பிச்சிருப்பாங்க, அதுக்கும் ராத்திரி தூக்கம் போகும், கெட்ட கனவு வரும், கதவு சாத்துற சத்தத்துக்குக்கூட தூக்கிவாரிப் போடும். இப்ப உங்களுக்கு தூக்கம் வரலன்னா அது மாத்திரையாலயா, தோண்டினதாலயா?

எனக்கு இதுதான் நடந்துச்சு. டாக்டர்கிட்ட தூங்கவே முடியலன்னேன், நோய் அடங்கலன்னு நினைச்சு அவர் டோஸ் ஏத்திட்டார். தெரபிஸ்ட்கிட்ட அதையே சொன்னேன், ரொம்ப வேகமா போயிட்டோம் போலன்னு அவங்க பழைய நினைவு பக்கம் போறதையே நிறுத்திட்டாங்க. அவங்கவங்க இடத்துலேர்ந்து பாத்தா ரெண்டு பேருமே சரிதான், ஆனா ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தருக்கு தெரியாது, தலையே நிதானத்துல இல்லாத நேரத்துல நான்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரன் வேலை பாத்துட்டு இருந்தேன், பாதி லெட்டர் போய் சேரவே இல்ல.

ஒரே டீம்ல இது அப்படியே மாறுது. அங்க என்னைப் பத்தின ஃபைல் ஒண்ணுதான். இந்த வாரம் நாலு ராத்திரி கனவுன்னு தெரபிஸ்ட் எழுதி வச்சிருந்தா டோஸை தொடுறதுக்கு முன்னாடி டாக்டர் அதை படிச்சிருப்பார், டோஸ் மாத்தின வாரம் தெரபிஸ்ட்டும் கடினமான நினைவை தொடாம மூச்சுப் பயிற்சி, தூக்கம்னு ஓட்டுவாங்க. பிடிஎஸ்டி எவ்வளவு தீவிரம்னு அளக்க பிசிஎல்-5னு 20 கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு, மொத்தம் 80 மார்க், அதை ஒரு தடவை நிரப்பினா ரெண்டு பேரும் அதே நம்பரைத்தான் பாக்கறாங்க. இதோட இன்னொண்ணும் சேர்த்துக்கங்க, இந்த வகை மாத்திரை ஆரம்பிக்கும்போது இளவயசுக்காரங்களுக்கு தற்கொலை எண்ணம் கூடலாம்னு எஃப்டிஏ 2004லயே எச்சரிக்கை போட்டுச்சு, முதல்ல குழந்தைங்க, டீனேஜ் பசங்களுக்கு, 2007ல அதை 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. மாசத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுற டாக்டர் மட்டும்னா இதை கவனிக்க யாரு இருக்கா? வாரா வாரம் பேசற தெரபிஸ்ட் கண்ணுலதான் முதல்ல படும், பட்டதும் அதை யார்கிட்ட சொல்லணும்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்.

ஆனா "ரெண்டும் ஒரே இடத்துல"ன்னு போர்டு போட்டதெல்லாம் ஒண்ணு இல்ல. சில இடத்துல ஒரே டாக்டரே மருந்தும் எழுதுவார், பேசவும் செய்வார், முழு செஷன் நேரம் கொடுத்தா இது அருமை, கால் மணி நேரத்துல ரெண்டையும் முடிச்சா ரெண்டுமே அரைகுறை. சில இடத்துல நிஜமான டீம் இருக்கும். இன்னும் சில இடத்துல லோகோ மட்டும்தான் ஒண்ணு, உள்ள டாக்டரும் தெரபிஸ்ட்டும் ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே கிடையாது, அது தனித்தனியா போறதுதான், என்ன, பில் மட்டும் சேர்ந்து வரும். முதல் கால்லயே நேரா கேட்டுடுங்க, தெரபிஸ்ட் எழுதற நோட் டாக்டர் படிப்பாரா, கடைசியா எப்ப ரெண்டு பேரும் ஒரு பேஷன்ட் பத்தி பேசினாங்கன்னு. மென்னு முழுங்கினா அங்கயே உங்களுக்கு பதில் கிடைச்சிடுச்சு.

தனித்தனியா போறதுக்கும் நியாயம் இருக்கு, அதை சொல்லாம விட்டா தப்பு. தெரபிஸ்ட் ஒத்து வரலன்னா மாத்திரைக்கு ஆபத்தில்லாம ஆளை மாத்திக்கலாம், ஒரே சர்வீஸ்ல இருந்துட்டு வெளிய வந்தா ரெண்டும் ஒரே நாள்ல போயிடும். அப்புறம் எல்லாத்தையும் எல்லாரும் படிக்கணும்னு யாருக்கும் ஆசை இருக்காது. சின்ன வயசுல நடந்ததை ஒருத்தர்கிட்ட சொல்லவே பல வருஷம் ஆகியிருக்கும், அது மாத்திரை எழுதறவர் ஸ்கிரீன்லயும் தெரியும்னா வாயே திறக்காது. நல்ல டீம்னா எது பகிரப்படும் எது படாதுன்னு உங்களைக் கேட்டுத்தான் வைப்பாங்க, ஆனா அந்த பேச்சை பெரும்பாலும் நீங்கதான் ஆரம்பிக்கணும்.

இப்ப எல்லா சர்வீஸும் ஒட்டிக்கிற ஒரு ஸ்டிக்கருக்கு வருவோம், "ட்ராமா-இன்ஃபார்ம்டு". அமெரிக்காவுல மனநலம், போதைப்பழக்கம் பாக்கற சாம்ஸாங்கற அரசு அமைப்பு 2014ல இதுக்கு ஆறு கொள்கை எழுதி வச்சிருக்கு, பாதுகாப்பு, நம்பிக்கை, சேர்ந்து முடிவெடுக்கறது, தேர்வு உங்க கையில இருக்கறதுன்னு போகும். நல்ல விஷயம்தான், ஆனா இது நடத்துற விதம், சிகிச்சை இல்ல. சிகிச்சைன்னா ட்ராமா-ஃபோகஸ்டு, அந்த ட்ராமாவையே நேரா எடுத்து வேலை செய்யறது, அதாவது நடந்ததைப் பத்தி மனசுல ஒட்டின தப்பான முடிவுகளை அலசற, சுமார் 12 செஷன்ல நடக்கிற சிபிடி (காக்னிடிவ் ப்ராசஸிங் தெரபி), தவிர்க்கிற நினைவை திரும்பத் திரும்ப சந்திக்க வைக்கிற, 8லேர்ந்து 15 செஷன், ஒவ்வொண்ணும் ஒண்ணரை மணி நேரம் வரைக்கும் போற ப்ரொலாங்டு எக்ஸ்போஷர், அப்புறம் அந்த நினைவை மனசுல வச்சுக்கிட்டே கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்த வைக்கிற ஈஎம்டிஆர், வீடியோல ஸ்கிரீன்ல ஓடுற புள்ளியை பாத்தோ தோள்ல மாத்தி மாத்தி தட்டிக்கிட்டோ செய்யறாங்க. அன்பா பேசறாங்க, அவசரப்படுத்தறதில்ல, ஆனா ஆறு மாசமா போன வாரம் எப்படி போச்சுன்னு மட்டும் பேசிட்டு இருக்கோம்னா, நீங்க ட்ராமா-இன்ஃபார்ம்டை மட்டும் வாங்கிட்டு ட்ராமா-ஃபோகஸ்டுக்கு காத்திருக்கீங்க. நானே இதை ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அமெரிக்க பாதுகாப்புத் துறையும் முன்னாள் படைவீரர் துறையும் சேர்ந்து 2023ல வெளியிட்ட வழிகாட்டுதல், பிடிஎஸ்டிக்கு மருந்தை விட இந்த மாதிரி பேச்சு சிகிச்சையைத்தான் முன்னால வைக்குது. அதனால மாத்திரையை முன்னாடி நிறுத்தி பேச்சை இலவச இணைப்பு மாதிரி தர்ற சர்வீஸ்னா ட்ராமாவைப் பொறுத்தவரை தலைகீழ்னுதான் சொல்வேன். அதே வழிகாட்டுதல் பென்சோடயாசெபின் வேண்டாம்னும் சொல்லுது, அல்ப்ரசோலம் மாதிரி பதட்டத்தை உடனே அமுக்குற மாத்திரைங்க. முதல் வீடியோ கால்லயே அதை நீட்டினா கொஞ்சம் உஷாரா இருங்க. கெட்ட கனவுக்கு பிராசோசின் கொடுக்கறது உண்டு, 2018ல வந்த பெரிய ஆய்வுல அது டம்மி மாத்திரையை விட பெருசா எதுவும் செய்யலன்னு வந்துச்சு, இருந்தாலும் பலன் தெரியுதுன்னு எழுதற டாக்டருங்க இருக்காங்க. அது பிபியை இறக்கும், எழுந்து நின்னா தலை சுத்தும், வீடியோல பிபி பாக்க முடியாது, வீட்ல ஒரு மெஷின் இருக்கட்டும். லித்தியம் மாதிரி ரத்தம் எடுத்து பாக்க வேண்டிய மருந்துன்னா ஆன்லைன் மட்டும்னு நினைக்காதீங்க, லேபுக்கு போய்த்தான் ஆகணும்.

வீடியோவா நேர்லயாங்கறதுல நான் பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல, பிடிஎஸ்டி தெரபி வீடியோல செஞ்சாலும் பலன் குறையலன்னு பல ஆய்வுல வந்திருக்கு. வெளிய கால் வைக்கவே பயப்படறவங்களுக்கு சொந்த ரூம், சொந்த போர்வை, கதவு கைக்கெட்டற தூரத்துலன்னு இருக்கறதே பாதி மருந்து. ஆனா காயப்படுத்தின ஆளே பக்கத்து ரூம்ல இருந்தா? அப்ப ஹெட்செட் போதாது, யாராவது உள்ள வந்தா பேச்சை மாத்தறதுக்கு ஒரு சொல்லை முன்னாடியே பேசி வச்சுக்கணும், அதுவும் சரிவரலன்னா நேர்ல போறதுதான் பாதுகாப்பு. இன்னொண்ணு, கேமராவுல முகம் மட்டும்தான் தெரியும், கால் நடுங்கறது தெரியாது, ஆள் அங்கயே உக்காந்திருந்தும் மனசு எங்கயோ போய் மரத்துப்போற நிலை வந்தா நேர்ல சட்டுன்னு பிடிக்கறவங்ககூட ஸ்கிரீன்ல விட்டுடுவாங்க. மோசமான இடத்தை சொல்லிட்டு இருக்கும்போது நெட் கட்டாச்சுன்னா யார் யாருக்கு போன் பண்ணணும், இப்ப எங்க உக்காந்திருக்கீங்க, அவசரம்னா யாரை கூப்பிடணும், இதையெல்லாம் செஷனுக்கு முன்னாடி கேட்கற தெரபிஸ்ட்னா நம்பி உக்காரலாம்.

படிவம் நிரப்பினா மாத்திரை வீட்டுக்கு வரும், சாட்ல டைப் பண்ணினா பதில் வரும்ங்கற ஆப்ஸ் பத்தி நீட்ட விரும்பல. லேசான மனச்சோர்வுக்கு சிலருக்கு ஒத்து வரலாம், ட்ராமாவுக்கு நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுறதா இருந்தா பழைய டாக்டர் கொடுத்த மாத்திரை புது இடத்து முதல் அப்பாயின்ட்மென்ட்டை தாண்டி குறைஞ்சது ரெண்டு வாரத்துக்கு கையில இருக்கற மாதிரி வாங்கி வச்சுக்கங்க. நான் கணக்கு தப்பிட்டேன், பராக்ஸெட்டின் அஞ்சு நாள் கையில இல்ல, தலைக்குள்ள சுருக் சுருக்னு கரன்ட் அடிச்ச மாதிரி, படி இறங்கும்போது சுவத்தை பிடிச்சுக்கிட்டுதான் இறங்கினேன். புது டீமோட முதல் கால்ல நான் பேசினது முழுக்க அதைப் பத்திதான், ட்ராமா பக்கமே போகல.