சத்துணவுக் கூடக் கழிவு: மண்புழுவா, குழியா, செங்கல் தொட்டியா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றின் சத்துணவு மையத்தில் மட்கு உரம் தயாரிக்கத் தொடங்குமுன், அங்கே சேரும் கழிவு இரண்டு வகைப்பட்டது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். காய்கறித் தோல், கீரைத்தண்டு ஆகியவை சமைப்பதற்கு முன் கழிபவை. தட்டில் மிஞ்சும் சோறும் சாம்பாரும் உப்பு, புளி, எண்ணெய் மூன்றும் கலந்தவை. எந்த முறை பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான் தீர்மானிக்கிறது.

மண்புழு உரம் தரத்தில் சிறந்தது. புழுக்கள் வேலை செய்வதைக் குழந்தைகள் கண்ணால் காணவும் முடியும். ஆனால் புழு தன் ஈரத் தோலின் வழியே மூச்சு விடும் உயிர் என்பதால், உப்பும் புளிப்பும் ஏறிய சோற்றை அது தாங்காது. புளித்துச் சூடேறும் குவியலிலிருந்து வெளியேறவே முயலும், வழியில்லையெனில் மடியும். அதைவிடப் பெரிய தடை கோடை விடுமுறை. மே மாத வெயிலில், பூட்டிக் கிடக்கும் வளாகத்தில், தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்க ஒருவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த உறுதி இல்லாத பள்ளி புழு வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

குழி முறைக்குச் செலவு மிகக் குறைவு. எனினும் ஆழத்தில் காற்றுப் புகாததால் ஈரச்சோறு அழுகி நாற்றமடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் குழி நிறைந்து நிற்கும். சிறு பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் திறந்த குழி ஆபத்தானதும்கூட.

மூன்றாவது முறை, செங்கற்களுக்கு இடையே சந்து விட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்தில் தரைக்கு மேல் அடுத்தடுத்துக் கட்டப்படும் இரட்டைத் தொட்டி. ஒன்று நிரம்பி மட்கும்போது மற்றதை நிரப்பலாம். நீரை வடித்த மிச்ச உணவை ஒரு தொட்டியில் இட்டு, ஒவ்வொரு நாளும் அதைப் போல இரு மடங்கு தடிமனுக்குச் சருகு போட்டு மூடினால், மிச்ச உணவின் தழைச்சத்தைச் (நைட்ரஜன்) சருகின் கரிமம் (கார்பன்) ஈடுசெய்யும். நுண்ணுயிர்கள் நன்கு பெருக, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் தேவை. அந்த விகிதம் குலையும்போது நாற்றமும் ஈயும் வருகின்றன. தொடக்கத்தில் சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளிப்பது நல்லது. குவியல் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிச் சில நாட்கள் அப்படியே இருந்தால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும்; வாரம் ஒருமுறை கிளறிவந்தால் 60 முதல் 90 நாட்களில் உரம் கிடைக்கும். வேம்பும் புங்கும் நிற்கும் வளாகத்தில் சருகுக்குப் பஞ்சமில்லை. அதை மூலையில் கூட்டி எரிக்கும் வழக்கமும் இதனால் நிற்கும். மண்புழு முறைக்குக் குறையாக நிற்கும் கோடை விடுமுறை இங்கே நன்மையாகிறது: ஏப்ரலில் நிரப்பி, நன்றாக நனைத்து மூடிய தொட்டி, ஆளில்லாத வாரங்களில் மெல்ல மட்கிக்கொண்டிருக்கும், ஜூனில் ஒருமுறை கிளறிவிட்டால், ஆடிப்பட்டத்தில் விதைக்கும் பள்ளித் தோட்டத்துக்கு உரம் தயாராகிவிடும். தொட்டியின் மேல் ஒரு தகரக் கூரையும், எலி புகாதபடி சுற்றிலும் கம்பி வலையும் அவசியம். மண்புழு மீது ஆர்வம் உள்ளவர்கள், இத்தொட்டியில் பாதி மட்கிய பொருளையும் காய்கறித் தோலையும் மட்டும் கொண்டு நிழலில் ஒரு சிறு படுக்கையைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

மிச்ச உணவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் நாள்தோறும் உணவு கேட்பது. ஆகவே அது மூன்று வேளையும் சமைக்கும் விடுதிகளுக்கே ஏற்றது. இடமே இல்லாத நகரப் பள்ளிகள், கழிவைப் பிரித்து மாநகராட்சியின் உரக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம்.

எந்த முறையானாலும் அதைச் செய்யப்போகிறவர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சமையல் உதவியாளரின் தலையில் கூலியில்லாத இன்னொரு வேலையாக இதை ஏற்றுவது அநீதி. மண்வெட்டி பிடித்துக் கிளறும் வேலையைப் பெரியவர் ஒருவருக்கு ஊதியத்துடன் ஒப்படைப்பதே முறை. தட்டில் மிஞ்சியதைப் பிரித்துப் போடுவதையும் சருகு சேர்ப்பதையும் எல்லா மாணவரும் முறை வைத்துச் செய்யட்டும். இது தண்டனையாகவோ, குறிப்பிட்ட சில குழந்தைகளுக்கு மட்டுமே விதிக்கப்படும் வேலையாகவோ மாறாமல் தலைமை ஆசிரியர் கண்காணிக்க வேண்டும். அந்த உறுதியைத் தர இயலாத பள்ளி, தொட்டி கட்டுவதைத் தள்ளிவைப்பதே நல்லது.