கணக்கு வைக்க ஏற்ற இடம் எது: அரசு வங்கி, தனியார் வங்கி, தபால் நிலையம், கூட்டுறவு

2025 ஆகஸ்ட் மாதம் ஐசிஐசிஐ வங்கி ஒரு அறிவிப்பு விட்டது. நகரத்தில் புதிதாகச் சேமிப்புக் கணக்கு தொடங்குகிறவர் மாதச் சராசரியாக 50,000 ரூபாய் இருப்பு வைக்க வேண்டும், சிறு நகரத்தில் 25,000, கிராமத்தில் 10,000. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை 15,000, 7,500, 2,500 என்று இறக்கினார்கள். இடையில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்பது அந்தந்த வங்கி முடிவு செய்வது, எங்கள் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் கனரா வங்கி தன் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை, அதாவது சொன்ன இருப்பு இல்லாவிட்டால் பிடிக்கிற பணத்தை, நீக்கியிருந்தது. ஜூலையில் பஞ்சாப் நேஷனல் வங்கியும் நம்ம இந்தியன் வங்கியும் நீக்கின. ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சிலேயே நீக்கிவிட்டது.

எல்லாம் ஒரே ரிசர்வ் வங்கியின் கீழ் நடக்கிற வங்கிகள்தான். ஆனாலும் ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் ஐம்பதாயிரம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, சம்பளமும் பென்ஷனும் சிறுசேமிப்பும் வைத்திருக்கிற ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவது நல்லது என்று பார்க்கலாம். என் பக்கம் எது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அரசு வங்கி மக்கள் கையிலேயே இருக்க வேண்டும். ஆனால் அரசு வங்கி என்பதாலேயே கட்டணத்தில் நியாயமாக நடந்துகொள்ளும் என்று நம்பிச் சும்மா இருக்க முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலில் இந்த அபராதம் யாரைப் பிடிக்கிறது என்று பாருங்கள். மாதச் சராசரி இருப்பு என்றால் ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கிற தொகையைக் கூட்டி, அந்த மாதத்து நாட்களால் வகுப்பது. மாசம் பிறந்ததும் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை என்று ஐந்தாம் தேதிக்குள் கணக்கு காலியாகிற வீட்டில் அந்தச் சராசரி எப்படி நிற்கும்? இரண்டு லட்சம் சும்மா போட்டு வைத்திருப்பவருக்கு ஒரு பைசா பிடித்தம் கிடையாது, இரண்டாயிரத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்பவரிடம் பிடிக்கிறார்கள். இதைவிட மோசமானது சம்பளக் கணக்கு விவகாரம். வேலையில் இருக்கும்வரை அது பூஜ்ய இருப்புக் கணக்கு. வேலை போய்ச் சில மாதம் சம்பளம் வராமல் இருந்தால் அது சாதாரணக் கணக்காக மாறிவிடும், அன்றிலிருந்து இருப்பு குறைந்தால் அபராதம். கையில் காசே இல்லாத நேரம் பார்த்து, காசு இல்லை என்பதற்காகவே கட்டணம். இதை எப்படி நியாயப்படுத்துகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த விஷயத்தில் அரசு வங்கியும் சுத்தம் இல்லை. ஸ்டேட் பேங்க் 2017 ஏப்ரலில் இந்த அபராதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. பெருநகரத்தில் 5,000 ரூபாய் வைக்கச் சொன்னார்கள். அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் வசூலானது 1,771 கோடி ரூபாய். அதே ஆண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கிக்குக் கிடைத்த நிகர லாபமே 1,581 கோடிதான். அதாவது நாட்டின் ஆகப் பெரிய அரசு வங்கி, காலாண்டு லாபத்தைவிடப் பெரிய தொகையை இருப்பு வைக்க முடியாதவர்களிடமிருந்து எடுத்திருக்கிறது. இந்த எண் வெளியே வந்ததும் பெரிய சத்தம் எழுந்தது, அபராதத்தை முதலில் குறைத்தார்கள், 2020-ல் முழுக்க நீக்கினார்கள். மற்ற அரசு வங்கிகள் நிறுத்தவில்லை. 2019-20 முதல் ஐந்து ஆண்டுகளில் அரசு வங்கிகள் இந்த வகையில் சுமார் 8,500 கோடி வசூலித்தன என்று 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. அடுத்த வருஷம்தான் கனராவில் தொடங்கி வரிசையாக அபராதத்தை நீக்க ஆரம்பித்தார்கள். டெபாசிட் பிடிக்கிற போட்டியும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் வருஷா வருஷம் கேள்வி கேட்டு, எண்ணை வெளியே கொண்டுவந்த எம்.பி.க்களின் வேலை இல்லாமல் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

என் வாதத்துக்கு அடிப்படையே இதுதான். அரசு வங்கி தப்பு செய்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம், சபையில் நிதியமைச்சரை எழுப்பிப் பதில் கேட்கலாம், தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நாமே கேட்கலாம். தனியார் வங்கிக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அது பதில் சொல்ல வேண்டியது பங்குதாரருக்கு. ஐசிஐசிஐ இறங்கி வந்தது உண்மை, ஆனால் இறங்கி நின்ற இடம் 15,000. சென்னையில் மாசம் பதினெட்டாயிரம் வாங்குகிற ஒருவருக்கு 50,000 என்றாலும் 15,000 என்றாலும் அந்தக் கதவு மூடியதுதான்.

சேவை என்று வந்தால் தனியார் வங்கிக்குத்தான் மார்க். ஆப் ஒழுங்காக வேலை செய்யும், கணக்கு அரை மணி நேரத்தில் திறந்துவிடலாம், கவுண்டரில் மரியாதையாகப் பேசுவார்கள். அரசு வங்கிக் கிளையில் பாஸ்புக் பதிய மெஷின் வேலை செய்யாது, ஒரே கேஷியர், வெளியே வரை கூட்டம். போதுமான ஆள் எடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு சேவை சரியில்லை அதனால் விற்கலாம் என்று பேசுவது நேர்மையான வாதம் இல்லை. அப்புறம் இன்னொன்று, தனியாரிலும் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன், கரூரில் 1916-ல் தொடங்கிய கரூர் வைஸ்யா, தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கியாகப் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் இதெல்லாம் ஊர் வியாபாரிகள் போட்ட முதலில் வளர்ந்தவை. கடைக்காரருக்கும் நகைக்கடன்காரருக்கும் அங்கே கிடைக்கிற கவனிப்பு பெரிய தனியார் வங்கிகளில் கிடைக்காது.

ஆனால் அதே கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு போட்டார்கள், பத்து நாளில் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்கள் தப்பித்தார்கள், பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைக்கவில்லை. டிபிஎஸ் யாருடையது தெரியுமா? சிங்கப்பூர் வங்கி, அதில் அதிகப் பங்கு வைத்திருப்பது சிங்கப்பூர் அரசுக்குச் சொந்தமான டெமாசெக். வங்கி நடத்துவது அரசின் வேலை இல்லை என்று இங்கே உபதேசம் செய்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதே வருஷம் மார்ச்சில் யெஸ் பேங்க் தடுமாறியபோது 50,000 ரூபாய் வரம்பு போட்டார்கள், காப்பாற்ற முன்னால் நிறுத்தப்பட்டது ஸ்டேட் பேங்க். 2004-ல் குளோபல் டிரஸ்ட் வங்கி விழுந்தபோது தாங்கிப் பிடித்தது ஓரியன்டல் பேங்க் ஆஃப் காமர்ஸ், அதுவும் அரசு வங்கி.

எதிர்வாதமும் வலுவானதுதான், அதை மறைக்கப் போவதில்லை. அரசு வங்கிகளின் வாராக்கடன் 2018 மார்ச்சில் மொத்தக் கடனில் 14 சதவீதத்தைத் தாண்டியது. 2016-17 முதல் ஐந்து ஆண்டுகளில் அவற்றுக்கு மூலதனமாக அரசு கொடுத்தது சுமார் 3.10 லட்சம் கோடி, அத்தனையும் நம் பணம். வைர வியாபாரி நீரவ் மோடியின் கடன் மோசடி பஞ்சாப் நேஷனல் வங்கியில் நடந்தது. இந்தியன் வங்கி 1995-96-ல் 1,300 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியதைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலிடத்துச் சிபாரிசில் பெரும் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்ததன் விலை இது. அதற்கு மருந்து, கடன் கொடுக்கும் முடிவில் அரசியல் கை நுழையாமல் தடுப்பது. வங்கியையே அதே பெரும் முதலாளிகளில் ஒருவருக்கு விற்பது எப்படி மருந்தாகும்? அந்தப் பள்ளத்திலிருந்து இந்த வங்கிகள் ஏறியும் வந்துவிட்டன, 2024-25-ல் பன்னிரண்டு அரசு வங்கிகளின் மொத்த லாபம் சுமார் 1.78 லட்சம் கோடி. இவ்வளவு லாபம் வருகிற இடத்தில் எஸ்.எம்.எஸ். கட்டணம் என்று காலாண்டுக்கு ஒருமுறை பிடிக்க வேண்டிய அவசியம் என்ன என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

கிளை எங்கே இருக்கிறது என்பதும் ஒரு கட்டணம்தான். பஸ் செலவும் போகிற அரைநாள் கூலியும் யாருடைய கட்டணப் பட்டியலிலும் வராது. 1969 ஜூலை 19 அன்று பதினான்கு வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது நாடு முழுக்க இருந்த வங்கிக் கிளைகள் சுமார் 8,260, அதில் கிராமத்தில் இருந்தவை 1,833. 1990 வாக்கில் கிராமக் கிளைகள் மட்டும் 34,000-ஐத் தாண்டிவிட்டன. லாபம் மட்டும் பார்த்திருந்தால் இது நடந்தே இருக்காது. 2005 கடைசியில் புதுச்சேரி மங்கலம் கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் கணக்கு என்று செய்து காட்டியது இந்தியன் வங்கி. 2014-ல் வந்த ஜன் தன் திட்டத்தில் ஐம்பது கோடிக்கு மேல் கணக்குகள், அதில் முக்கால் பங்குக்கு மேல் அரசு வங்கிகள் திறந்தவை, தனியார் வங்கிகளின் பங்கு சில சதவீதம்தான்.

தபால் நிலையத்தைப் பலர் மறந்தே விடுகிறார்கள். 500 ரூபாய் இருந்தால் போதும், வட்டி 4 சதவீதம், ஸ்டேட் பேங்க் இப்போது தருவது 2.5. நிதியாண்டு முடிவில் 500-க்குக் கீழே போனால் 50 ரூபாய் பிடிப்பார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை. ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆனால் கடன் கிடையாது, ஏ.டி.எம். அபூர்வம், சர்வர் படுத்தால் அன்றைக்கு வேலை நடக்காது. அதே கட்டடத்தில் 2018-ல் வந்த இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி முழுக்க அரசுக்குச் சொந்தம், பூஜ்ய இருப்பு, ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது. வீட்டில் வயதானவர்களின் சேமிப்புக்கு நான் சொல்வது தபால் நிலையத்தைத்தான். தினசரி யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு அரசு வங்கி.

கூட்டுறவு பற்றிச் சுருக்கமாக: பயிர்க்கடனை உரிய நேரத்தில் திருப்பிக் கட்டினால் வட்டி இல்லை, நகைக்கடன் வேகமாகக் கிடைக்கும், விவசாயிக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் நகரக் கூட்டுறவு வங்கியில் அதிக வட்டி பார்த்து மொத்தச் சேமிப்பையும் போடுவதற்கு முன்னால் 2019-ல் மும்பை பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று நிறுத்தப்பட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் காப்பீடு எந்த வங்கியானாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான்.

சரி, என்ன கேட்க வேண்டும்? அரசு வங்கிகள் எல்லாவற்றிலும் இருப்பு அபராதம் நிரந்தரமாகப் போக வேண்டும், வங்கி நிர்வாகம் மாறினால் திரும்பி வருகிற மாதிரி இருக்கக் கூடாது. இலவச வரம்பு தாண்டினால் ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரையும் ஜி.எஸ்.டி.யும் என்பதிலிருந்து முதியோர் பென்ஷன், நூறு நாள் வேலைக் கூலி வருகிற கணக்குகளுக்கு விலக்கு வேண்டும். அந்த 2017 அனுபவத்துக்கு அப்புறமும், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளில் மாதம் நான்கு தடவைக்கு மேல் போன ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 17 ரூபாய் 70 பைசா ஸ்டேட் பேங்க் பிடித்துக்கொண்டிருந்ததை ஐ.ஐ.டி. பம்பாய் ஆய்வு வெளியே கொண்டுவந்தது, டிஜிட்டல் பரிவர்த்தனைக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2020-ல் அரசு உத்தரவு போட வேண்டியிருந்தது. உத்தரவு போட முடிந்தது, அந்த அளவுக்காவது பிடி இருக்கிறது. விற்றுவிட்டால் பிடி தளர்ந்துவிடும். 2021 பட்ஜெட்டில் இரண்டு அரசு வங்கிகளை விற்கப் போவதாக அறிவித்தார்கள், அந்த வருஷம் ஊழியர்கள் இரண்டு முறை நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள், திட்டம் இன்னும் கைவிடப்படவில்லை.

அதுவரைக்கும் நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. எந்த வங்கியானாலும், தனியார் உட்பட, உங்கள் சேமிப்புக் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏ.டி.எம். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது, மாதம் நான்கு தடவை இலவசமாக எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு கணக்கே இல்லை என்று கிளையில் சொன்னால் எழுத்தில் பதில் கேளுங்கள். அபராதம் போடுவதற்கு முன் தகவல் சொல்லி ஒரு மாத அவகாசம் தர வேண்டும், அபராதத்தாலேயே இருப்பு மைனஸில் போகக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். வங்கியில் புகார் கொடுத்து முப்பது நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448-க்குப் போன் போட்டு, வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் எப்படிப் போவது என்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.