ரயில் நிலையம் இல்லாத ஊரில் இருபது ஆண்டுகளாக ரயில் ஓட்டுகிறேன்

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர். ஆனால் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் ராயக்கோட்டைக்கோ தருமபுரிக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் பிடிக்க வேண்டும். 1905-ல் திருப்பத்தூரிலிருந்து இங்கே இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். பிறகு அதை மூடிவிட்டார்கள். சிறுவயதில் மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்த வண்டியில் போனதாக என் தாத்தா சொல்லியிருக்கிறார். அந்தப் பாதை எந்த வயல் வழியாக வந்தது என்று இன்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள்.

நான் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் பாய்லர் அட்டெண்டர். பருவம் தொடங்கினால் இரவு பகல் தெரியாது. ஆடி முடிந்து பாய்லரை அணைத்தபிறகு மாலை நேரங்கள் எனக்குச் சொந்தம். அந்த நேரங்களில்தான் இருபது ஆண்டுகளாகக் கணினியில் ரயில் ஓட்டி வருகிறேன். என் பக்கத்து நாற்காலியில் பெரும்பாலும் என் மாமா இருப்பார். அம்மாவின் தம்பி, சரக்கு வண்டி லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே எழுதும் மதிப்பீட்டில் பாதி அவருடையது.

முதலில் பார்த்தது 2004-ல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த ஆண்டு அது. ஐந்து ரோடு ரவுண்டானாவுக்கு அருகில் இருந்த ஒரு கணினி மையத்தில் 'மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்' ஓடிக்கொண்டிருந்தது. 2001-ல் வெளிவந்த விளையாட்டு. செய்தவர்கள் இங்கிலாந்தின் குஜு நிறுவனத்தார். ஜப்பானில் 1996-லேயே டைட்டோ நிறுவனத்தின் 'டென்ஷா டி கோ' வந்திருந்தது. அது குறித்த இடத்தில், குறித்த நொடியில் வண்டியை நிறுத்தினால் மதிப்பெண் தருகிற வகை. மைக்ரோசாஃப்ட் விளையாட்டின் நோக்கம் வேறு. ஆறு பாதைகளைத் தந்து, நீயே ஓட்டிக்கொள் என்று விட்டுவிட்டது.

அந்த ஆறில் ஒன்று ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள ஹிசாட்சு பாதை. அதில் ஒகோபா என்றொரு மலை நிலையம். ரயில் ஒரு முழு வளையம் சுற்றி மலையேறும். நடுவில் நின்று, பின்னோக்கிப் போய், மறுபடி முன்னோக்கி ஏறும். இரண்டு பெட்டி டீசல் வண்டியை அந்த வளையத்தில் ஏற்றிவிட்டுக் கீழே பார்த்தால், பத்து நிமிடத்துக்கு முன்பு நான் வந்த தண்டவாளம் மரங்களுக்கிடையே தெரிந்தது. மரங்கள் அட்டையில் வெட்டி நட்டவை போலத்தான் இருந்தன. அப்படியிருந்தும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2020 ஜூலை வெள்ளத்தில் குமா ஆறு பெருகி, அந்தப் பாதையின் பாலங்களை அடித்துச் சென்று, போக்குவரத்து நின்றுபோனது. செய்தி படித்ததும் பழைய விளையாட்டைத் திறந்து, அந்தப் பாதையை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதன் குறையைக் கண்டுபிடித்தவர் மாமா. 2006-ல் முதன்முதலாக அவரை உட்கார வைத்தேன். அமெரிக்காவின் மரியாஸ் கணவாய்ப் பாதையில் ஒரு நீளமான சரக்கு வண்டி, இறக்கத்தில் போகிறது. பிரேக் போட்டார், விட்டார், மறுபடி போட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளை, இது லாரி. ரயில் இல்லை."

அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அன்று முதல் எந்த ரயில் விளையாட்டையும் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன். நம் சரக்கு வண்டியில் பிரேக் பைப்பில் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் நிற்கும். பிரேக் போடுவது என்றால் அந்தக் காற்றைக் குறைப்பது. எஞ்சினில் குறைத்தவுடன் கடைசி வேகனுக்கு அது தெரியாது. அழுத்தக் குறைவு ஐம்பது அறுபது வேகன்களைக் கடந்து போக வேண்டும். முன் வேகன்கள் பிடித்துவிடும், பின் வேகன்கள் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும். விடுவிக்கும்போதும் அதே தாமதம். ஒவ்வொரு வேகனின் தொட்டியும் மறுபடி காற்றால் நிரம்ப வேண்டும். நிரம்பும் முன்பே போட்டு விட்டு, போட்டு விட்டு விளையாடினால் கடைசியில் பிரேக்குக்குக் காற்றே மிஞ்சாது. சிவாடியைத் தாண்டி முத்தம்பட்டி வழியாகத் தொப்பூர்ப் பக்கம் இறங்கும்போது அவர் இதைத்தான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பாராம். அங்கே மலையும் சேர்ந்து சோதிக்கும். 2021 நவம்பரில், மழையில் உருண்டு விழுந்த பாறைகளால் கண்ணூர்–பெங்களூரு எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது அந்தப் பகுதியில்தான். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

2001 விளையாட்டில் எல்லா வேகன்களும் ஒரே நேரத்தில் பிடித்தன, ஒரே நேரத்தில் விட்டன. அவர் லாரி என்றது அதனால்தான்.

இந்தக் குறையோடும் நான் அதை விடவில்லை. காரணம், அதோடு தந்த பாதை அமைக்கும் கருவி. இந்திய ஆர்வலர்கள் டபிள்யூடிஎம்-2 என்ற டீசல் எஞ்சினையும் நீலப் பெட்டிகளையும் தாங்களே செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். கையில் கருவி, எஞ்சின், பெட்டி மூன்றும் இருந்தன. நான் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பாதை போடத் தொடங்கினேன். 2000-ல் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடாரால் அளந்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைத்தது. தொண்ணூறு மீட்டருக்கு ஒரு புள்ளி. வயல்வெளிக்கு அது போதும். நம் ஊர்க் கோட்டை மலைக்குப் போதவில்லை. செங்குத்தான பாறை, வைக்கோல் போர் போல உருண்டையாக வந்து நின்றது. அதைப் பாறையாக்க எனக்கு ஒரு ஐப்பசி மாதம் முழுவதும் ஆனது. பர்கூர் வழியாக நானே கோடு கிழித்தேன். தாத்தா போன தடம் அதுதானா என்பதை உறுதி செய்ய வழியில்லை.

அடுத்த தலைமுறை 2007-ல் வந்தது. அதே குஜு நிறுவனம் 'ரெயில் சிமுலேட்டர்' என்ற பெயரில் புதிதாகச் செய்தது. 2009-ல் அது 'ரெயில்வொர்க்ஸ்' ஆனது, பிறகு ஆண்டுக்கொரு எண்ணோடு 'டிரெயின் சிமுலேட்டர்' ஆனது. 2022-ல் 'கிளாசிக்' என்ற பெயரோடு நிலைத்தது. இப்போது நடத்துவது டவ்டெயில் நிறுவனம். நிழலும் நீரும் அழகாயின, தண்டவாள வளைவுகள் உடையாமல் சீராக வளைந்தன. பாதை அமைக்கும் கருவி இதிலும் உண்டு, பழையதைவிடக் கைக்கு இசைவானது. ஆனால் கூடுதல் பாதைகளுக்கும் எஞ்சின்களுக்கும் தனித்தனி விலை வைக்கும் வழக்கம் இங்கேதான் வேரூன்றியது. தள்ளுபடிக் காலத்துக்காகக் காத்திருந்து வாங்குவதே என் வழக்கம். மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

பெரிய தாவல் 'டிரெயின் சிம் வேர்ல்ட்'. 2016 கடைசியில் முன்னோட்டமாகவும் 2017-ல் முழுமையாகவும் வந்தது. முதல் பாதை அமெரிக்காவின் கம்பர்லாந்திலிருந்து ஏறும் சாண்ட் பேட்ச் மலைப்பாதை. இதில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து நடக்கலாம். எஞ்சினின் கதவைத் திறந்து, பக்கவாட்டு நடைபாதையில் போய், பின் எஞ்சினுக்குள் நுழையலாம். ஒவ்வொரு சுவிட்சையும் கையால் தொட்டு இயக்க வேண்டும். மாமா அதில் முதலில் செய்தது வண்டியை எடுப்பது அல்ல. இறங்கி, எஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பணியில் இருந்தபோது தினமும் செய்ததைத்தான் செய்தார். பிறகு இறக்கத்தில், எஞ்சினின் மோட்டார்களே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் டைனமிக் பிரேக்கால் பிடித்து, காற்று பிரேக்கைச் சிறிதாகக் குறைத்துவிட்டுக் காத்திருந்தார். அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது. வண்டி உடனே கேட்கவில்லை; சில நொடிகளுக்குப் பிறகு கேட்டது. அவர் தலையை அசைத்தார். பத்து ஆண்டுகளுக்கு மேல் நான் காத்திருந்த தலையசைப்பு அது.

எனக்கே உரிய சோதனை நீராவி. 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' எஞ்சின் 1923-ல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் கட்டப்பட்டது. 1934-ல் மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட்டது. 2001 விளையாட்டில் அது செட்டில்–கார்லைல் பாதையில் ஓடியது. 2023-ல், அதன் நூற்றாண்டில், 'டிரெயின் சிம் வேர்ல்ட் 4' அதே எஞ்சினைத் தந்தது. இம்முறை பாதை பீட்டர்பரோவிலிருந்து டான்காஸ்டர் வரை. அதாவது அது பிறந்த ஊர் வரை. ஒரே எஞ்சின், இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன்.

எங்கள் தொழிற்சாலை பாய்லர் 10.54 கிலோ அழுத்தத்துக்கு அனுமதி பெற்றது. ஸ்காட்ஸ்மனின் இப்போதைய பாய்லர் சதுர அங்குலத்துக்கு 220 பவுண்டு, நம் கணக்கில் பதினைந்தரை கிலோ. எங்களுடையது ஓரிடத்தில் நிற்கிறது, பம்பு தண்ணீர் தருகிறது, மாங்கூழ் கேட்கும் நீராவியின் அளவு ஒரே சீராக இருக்கும். ரயில் எஞ்சினில் ஏற்றம் வந்தால் நீராவிச் செலவு சட்டென்று எகிறும். அதற்குப் பத்து நிமிடம் முன்பே நெருப்பைத் தயார் செய்யாவிட்டால் அழுத்தம் சரிந்துவிடும். பயந்துபோய், பாய்லருக்குள் நீர் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்தால் குளிர்ந்த நீர் உள்ளே போய் அழுத்தத்தை இன்னும் கீழே இழுக்கும். திறக்காவிட்டால் கேஜ் கிளாஸில் நீர் மட்டம் இறங்கி, நெருப்பறையின் கூரைத் தகடு காய்ந்துவிடும். பாய்லர் வேலை பார்க்கும் எவனும் கனவிலும் அஞ்சுவது அந்தத் தகடு காய்வதைத்தான். 2001-ல் இவை எண்களாக இருந்தன. எண்ணைப் பார்த்துக் கரி போட்டேன். 2023-ல் எஞ்சின் மேடையில் நின்று, நெருப்பறைக் கதவைத் திறந்து, உள்ளே பார்த்து, கேஜ் கிளாஸ் பக்கம் திரும்பி, மறுபடி ஜன்னலுக்கு வெளியே சிக்னலைப் பார்க்கிறேன். கழுத்து திரும்பும் வரிசை என் வேலையின் வரிசையாகவே இருக்கிறது. இதைச் செய்தவர்கள் உண்மையான எஞ்சின் மேடையில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தானாகவே கரி போடும் உதவியாளரும் உண்டு. தயவுசெய்து முதல் வாரத்துக்குப் பிறகு அவரை நிறுத்திவிடுங்கள். ஸ்காட்ஸ்மனின் பாதிச் சுவை கரி வாரியில் இருக்கிறது.

இத்தனை புகழ்ந்தபிறகும், என் மனம் முழுதாக அங்கே போகவில்லை. நான் வாங்கிய எந்தப் பதிப்பிலும் இந்தியப் பாதை இல்லை. உலகின் மிகப்பெரிய ரயில் கட்டமைப்புகளில் ஒன்று நம்முடையது. இலவசமாக எஞ்சின் செய்து கொடுக்கும் இளைஞர்கள் இருபது ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்கள். நான்காம் பதிப்போடு பாதை அமைக்கும் கருவியை ஒருவழியாகப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அது விளையாட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் அன்ரியல் எடிட்டரின் வடிவம். என் பழைய கணினியால் அதைத் தாங்க முடியவில்லை, கற்றுக்கொள்ளவும் ஒரு படிப்பே வேண்டும். 2001-ல் ஒரு பாலிடெக்னிக் மாணவன் தன் ஊருக்குத் தண்டவாளம் போட முடிந்தது. இன்று அவனுக்கு அது எளிதல்ல. ஐந்தாம் பதிப்பு 2024-லும் ஆறாம் பதிப்பு 2025-லும் வந்துவிட்டன. லண்டன் யூஸ்டன் நிலையம் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. எனக்குப் பர்கூர் வேண்டும்.

அதற்கு எனக்குக் கிடைத்த வழி 'ஓப்பன் ரெயில்ஸ்'. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள். மைக்ரோசாஃப்ட் விளையாட்டுக்காகச் செய்த பாதைகளையும் எஞ்சின்களையும் எடுத்து, புதிய இயற்பியலோடு ஓட்டுகிறது. பிரேக் பைப்பின் அழுத்தம் வேகன் வேகனாகப் பரவுவதையும் கணக்கிடுகிறது. காட்சி சாதாரணம்தான், செடிகொடிகள் இன்னும் அட்டை. ஆனால் குறைந்த விலைக் கணினியிலும் ஓடுகிறது. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதையே முதலில் சொல்வேன். கையில் பணமும் நல்ல கணினியும் வந்தபிறகு ஸ்காட்ஸ்மனை வாங்கட்டும்.

சென்ற வாரம் மாமாவை என் பாதையில் உட்கார வைத்தேன். டபிள்யூடிஜி-3ஏ என்ற சரக்கு வண்டி டீசல் எஞ்சின், ஐம்பத்தெட்டு வேகன். திருப்பத்தூரை விட்டதும் வேகம் சற்றுக் கூடவிட்டு, லேசாகப் பிரேக் போட்டு, வண்டி பிடிக்கிறதா என்று உணர்ந்து பார்த்துவிட்டு விடுவித்தார். விளையாட்டு அதைக் கேட்கவில்லை. பணியின் விதி அது. பர்கூர் தாண்டி வரும் இறக்கத்தில் இரண்டு முறை முகம் சுளித்தார். கோட்டை மலை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, கிருஷ்ணகிரி மஞ்சள் பலகைக்கு நேராக எஞ்சினை நிறுத்தினார்.

"அந்த இறக்கம் ரொம்பச் செங்குத்து மாப்பிள்ளை. ஐம்பதுக்கு ஒன்று போட்டிருக்கிறாய், ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது. எந்த எஞ்சினியரும் சரக்கு வண்டிக்கு அப்படிப் போட மாட்டான். நூறுக்கு ஒன்றாக மாற்று."

அதற்குப் பாதை இன்னும் இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், ஒரு வாழைத்தோப்பை எடுக்க வேண்டும். இன்றிரவு தொடங்குகிறேன்.